ஐயாவின் ஜாகுவார்: பழைய வால்நட் வினீரைக் காப்பாற்றுவதா, உரித்துவிட்டுத் தேக்கு ஒட்டுவதா?

கானாடுகாத்தான் பேத்தி (புரட்டாசி முதல் வாரம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார், கொழும்பில் வியாபாரம் செய்த காலத்தில் வாங்கிப் பிறகு ஊருக்குக் கொண்டு வந்த 1952ஆம் ஆண்டு ஜாகுவார் மார்க் 7 கார், எங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தது. என்ஜின் வேலையும் பிரேக் வேலையும் மதுரையில் முடிந்து, வண்டி இப்போது தன் காலில் ஓடுகிறது. மிச்சம் இருப்பது உள்ளே உள்ள மரவேலை. டேஷ்போர்டு, அதன் இடப்பக்க அறையின் மூடி, கதவுகளின் மேல்பட்டைகள் ஆகிய எல்லாவற்றிலும் வால்நட் வினீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டப்பட்டிருக்கிறது.

கோடையில் வற்றிப்போன ஊருணித் தரை எப்படி வெடித்துக் கிடக்குமோ, அப்படித்தான் டேஷ்போர்டின் மேல்பூச்சு முழுவதும் பொடிப்பொடியாக வெடித்திருக்கிறது. கொட்டகைக் கதவின் இடுக்கு வழியாகத் தினமும் மேற்கு வெயில் விழுந்த பக்கம் வெளிறி, காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. வலது முன்கதவின் பட்டையில் வினீர் அடிப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நகத்தை உள்ளே விட முடிகிறது. அதே பட்டையின் நடுவில் விரலால் தட்டினால், பூச்சு விட்டுப்போன சுவரைத் தட்டுவது போலப் பொள்ளல் ஓசை கேட்கிறது. திருகாணிகளைச் சுற்றிக் கருவளையங்கள் வேறு.

இதற்கு நடுவில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். எங்கள் வீட்டுத் தேக்குக் கதவுகளுக்கும் வளவுத் தூண்களுக்கும் மெருகு போட்டுக் கொடுத்த பட்டறை ஒன்றில், சோதனைக்காக அந்த இடப்பக்க மூடியை மட்டும் கொடுத்தேன். அவர்கள் தூணைத் தேய்ப்பது போலவே அதையும் மெஷினில் தேய்த்து, மேலே கண்ணாடி போல மெலமைன் பூச்சு அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மூடியின் ஓரத்தில், இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுக்கு, வினீர் முழுவதும் தேய்ந்து அடியில் உள்ள வெளிறிய மரம் தெரிகிறது. கேட்டதற்கு, "பழைய சரக்கு ஆச்சி, எல்லாத்தையும் உரிச்சிட்டுத் தேக்கு வினீர் ஒட்டிடலாம், உங்க வீட்டுக் கதவுக்கும் காருக்கும் ஒரே ஜாடையா இருக்கும்" என்றார்கள்.

அந்த யோசனை எனக்கு ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லும் அளவுக்கு விவரமும் எனக்கு இல்லை. பழைய வினீரைக் காப்பாற்ற முடியுமா, முடியும் என்றால் எந்தப் பசை, எந்த மேல்பூச்சு என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


உப்புத்தாள் (மதுரை)

ஆச்சி, வணக்கம். முதலில், மற்ற மரத்துண்டுகள் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். நாற்பது ஆண்டுகள் பாலிஷ் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டறைக்காரர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் அவர் கை பழகியது முழு மரத்தில். பர்மாத் தேக்குத் தூணில் ஒரு நூல் அளவு தேய்ந்தாலும் அடியில் இருப்பது அதே தேக்குதான். உங்கள் டேஷ்போர்டில் உள்ள வால்நட் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. வெவ்வேறு காலங்களில் மேலே மெருகேற்றித் தேய்த்திருந்தால் இன்னும் மெலிந்திருக்கும். சுழலும் மெஷின் அதைக் கடக்க எண்ணிச் சில விநாடிகள் போதும், அதிலும் ஓரங்களில்தான் முதலில் கடக்கும்.

காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்கு என் பதில், காப்பாற்றியே ஆக வேண்டும் என்பதுதான். டேஷ்போர்டின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள். இடப்பக்கம் உள்ள சுழியும் வலப்பக்கம் உள்ள சுழியும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றுக்கொன்று எதிராக அமைந்திருந்தால், ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தகடுகளைப் புத்தகம் விரிப்பது போல விரித்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஒன்றை உரித்து எறிந்தால் மற்றதற்கு ஜோடி உலகத்தில் கிடையாது. வால்நட் முண்டுகளிலிருந்து, அதாவது அடிமரத்தில் கட்டி போல வளரும் பகுதியிலிருந்து சீவிய தகடு என்றால் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, எதையும் தொடுமுன் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள். ஒரு காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, வெளியில் தெரியாத ஒரு மூலையில் அரை நிமிடம் வைத்து உருட்டுங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் பழுப்பாக ஏறினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல், என்.சி. தின்னருக்கு உடனே பிசுபிசுத்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். இரண்டுக்கும் அசையாவிட்டால் பின்னாளில் யாரோ பாலியூரித்தேனோ வேறு எதுவோ அடித்திருக்கிறார்கள். மூன்றாவதாக, தூக்கி நிற்கும் ஓரத்தின் அடியில் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுச் சில நிமிடம் கழித்து ஊசியால் தொட்டுப் பாருங்கள். நூல் பிடித்து ஒட்டி, லேசான மிருகவாடை வந்தால் அது வச்சிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. கண்ணாடிச் சில்லு போல அசையாமல் இருந்தால் அது யூரியா ஃபார்மால்டிஹைடு வகைப் பசை. இந்த மூன்று விடைகளும் தெரியாமல் மேற்கொண்டு யார் என்ன சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.


தேவகோட்டை மெக்கானிக்

பெரியவர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் நடைமுறையையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? இந்த வண்டி கண்காட்சிக்குப் போகப் போவதில்லை என்றால், உடைந்ததை உரித்துவிட்டு நல்ல பிளைவுட்டில் புது வினீர் ஒட்டுவதில் என்ன தவறு? தேக்கு வேண்டாம் என்றால் வாகை இருக்கிறது. ஆங்கிலேயர்கள் வாகையைக் கிழக்கிந்திய வால்நட் என்ற பெயரிலேயே விற்றார்கள் என்று படித்திருக்கிறேன். நிறமும் ஏறக்குறைய அதே பழுப்பு. எங்கள் பகுதியிலேயே கிடைக்கும் மரம். செலவும் நாளும் மிச்சம்.


உப்புத்தாள் (மதுரை)

தம்பி, வாகை நல்ல மரம்தான். அதில் நாற்காலி செய்யுங்கள், நானே வந்து பாலிஷ் போட்டுத் தருகிறேன். ஆனால் நிறம் ஒத்துப்போவதால் மட்டும் முகம் ஒத்துப்போய்விடாது. முண்டுத் தகட்டில் உள்ள பொட்டும் சுழியும் வாகையின் ரேகையில் வராது. தேக்கிலோ இன்னொரு சங்கடம் உண்டு: அதன் எண்ணெய்ப்பசை, ஒட்டுவதற்கு முன் தின்னரால் துடைக்காவிட்டால் எந்தப் பசையையும் சரியாகப் பிடிக்க விடாது. ஒட்டுப்போடத் துண்டு தேவைப்பட்டால் காஷ்மீர் அக்ரூட் மரத்தகடு கேட்டு வாங்குங்கள். ஐரோப்பாவில் வால்நட் என்று சொல்வதும் காஷ்மீரில் பெட்டி செதுக்கும் மரமும் ஒரே இனம்.

முழுவதும் சிதைந்து, தகடு பாதிக்கு மேல் இல்லாமல் போன பலகை என்றால் புதிதாக ஒட்டத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. அப்போதும் முன்பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வில்லாக வளையும், பின்பக்கமும் ஒரு சாதாரணத் தகடு ஒட்டிச் சமன் செய்ய வேண்டும். ஆச்சியின் மரத்துக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.


கானாடுகாத்தான் பேத்தி

இருவருக்கும் நன்றி. சோதனைகளைச் செய்து பார்த்தேன். டேஷ்போர்டின் பூச்சு ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை. தின்னர் பட்டதும் தேன் போல இளகியது. ஆகவே லேக்கர் என்று முடிவு செய்தேன். கதவுப் பட்டையில் வெந்நீர்ச் சொட்டு ஒன்றும் செய்யவில்லை, பசை கண்ணாடி போலவே நின்றது. டேஷ்போர்டில் இரு பக்கச் சுழிகளும் பெரியவர் சொன்னது போலவே எதிரெதிராக இருக்கின்றன. இத்தனை வருடங்களாக அதில் கை வைத்தும் நான் கவனித்ததே இல்லை.

இன்னொன்றையும் கண்டேன். வேகமானியின் வளையத்தைக் கழற்றியபோது அதன் அடியில் மறைந்திருந்த மரம், சுற்றிலும் உள்ள வெளிறிய மரத்தைவிட மிகக் கருமையாக, பனங்கருப்பட்டி நிறத்தில் இருந்தது. பழைய நிறம் அதுதானா? மற்ற மரங்கள் வெயிலில் கருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பசை விஷயத்தில் வீட்டில் எப்போதும் இருக்கும் வெள்ளை ஃபெவிகாலைப் பயன்படுத்தலாமா என்பதையும் சொல்லுங்கள்.


பள்ளத்தூர் பட்டறை

பெரியவர் அனுமதித்தால் பசையைப் பற்றி நான் சொல்கிறேன். என் வேலை பழைய கார்களின் உட்புற வேலைதான். சீட் தைப்பதில் தொடங்கி மரத்தில் வந்து நின்றிருக்கிறேன்.

நிறத்தைப் பொறுத்தவரை நீங்கள் கண்டது சரி. வால்நட் வெளிச்சத்தில் வெளிறும் மரம். வளையத்துக்கு அடியில் ஒளிந்திருந்த அந்தக் கருப்பட்டி நிறம்தான் உங்களுக்கு மாதிரி. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.

வெள்ளைப் பசை வீட்டுக் கட்டிலுக்கு நல்லது, காருக்கு ஆகாது. அது உலர்ந்த பிறகும் சூடு பட்டால் இளகக்கூடியது. காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து வினீர் ஒட்டும் வழக்கமே இருக்கிறது, அந்தக் குணத்தை நம்பித்தான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சித்திரை வெயிலில் காரை நிறுத்தினால் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸையும் தாண்டும். இஸ்திரிப் பெட்டி செய்யும் வேலையை நம் ஊர் வெயிலே செய்துவிடும். இரு பக்கமும் தடவிக் காயவைத்து ஒட்டும் ரப்பர் பசையும் அப்படித்தான். முதல் கோடையில் கொப்புளம் போடும். வச்சிரம், திரும்பப் பிரிக்கலாம் என்பதால் மரியாதைக்குரிய பசை, ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் விட்டுவிடும். உங்கள் பட்டையில் ஏற்கெனவே யூரியா ஃபார்மால்டிஹைடு இருப்பதால் அதே வகையைப் பயன்படுத்துவதுதான் முறை. பொள்ளலாகத் தட்டும் இடத்துக்கு மட்டும், இடுக்கில் தானாகப் பாயும் அளவுக்கு நீர்த்த எபாக்ஸி எனக்குப் பழக்கம்.

பொள்ளல் இடத்தைச் செய்வது இப்படி. புது பிளேடால், ரேகையின் போக்கிலேயே, ரேகைக்கு நடுவே ஒளியுமாறு ஒரு கீறல் போடுங்கள். குறுக்கே வெட்டினால் ஆயுளுக்கும் தெரியும். கீறலின் ஒரு உதட்டை மெல்லத் தூக்கி, உள்ளே உள்ள பழைய பசைத் தூளை ஊதி எடுத்துவிட்டு, ஊசிக்குழலால் பசையை ஏற்றுங்கள். பிறகு விரலால் நடுவிலிருந்து கீறலை நோக்கி வழித்தால் மிச்சம் வெளியே வரும். அதை உடனே துடைத்துவிட வேண்டும். அதன்மேல் பாலித்தீன் தாள், அதன்மேல் பட்டையின் வளைவுக்கு ஏற்றபடி செதுக்கிய கட்டை, அதன்மேல் கிளாம்ப். பட்டை வளைந்தது என்பதால் சமமான கட்டை நடுவில் மட்டும்தான் அழுத்தும்; நான் ஒரு துணிப்பையில் ஆற்று மணலை நிரப்பி, அதைப் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வைத்து அழுத்துகிறேன். மணல் எந்த வளைவுக்கும் படியும். மறுநாள் வரை தொடவே கூடாது.

மெஷின் கடித்த மூடிக்கு வருகிறேன். நாணயம் அளவு ஓட்டைக்கு வட்டமாகவோ சதுரமாகவோ ஒட்டுப்போட்டால், தைத்த துணி போலக் கண்ணுக்கு முதலில் அதுதான் படும். முண்டுத் தகட்டில் ஒரு வசதி உண்டு: அதில் பொட்டுகளும் சுழிகளும் ஒழுங்கில்லாமல் ஓடுவதால், ஒட்டின் விளிம்பையும் அந்தச் சுழியின் கோட்டிலேயே கோணலாக வெட்டிக்கொண்டு போகலாம். புதுத் தகட்டை ஓட்டையின் மேல் வைத்துப் பொட்டும் பொட்டும் சேரும் வரை நகர்த்தி, பிடிப்பு நாடாவால் ஒட்டிவிட்டு, இரண்டு தகடுகளையும் ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஒரே கத்தி இரண்டையும் வெட்டுவதால் இடைவெளி வராது. முண்டுத் தகடு அப்பளம் போல நெளிந்து வந்தால், கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்து, செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்துப் பலகையால் அழுத்தி, தாளைத் தினமும் மாற்றினால் சில நாட்களில் வழிக்கு வரும். ஒட்டியதும் நிறம் சேராது. அதைச் சாயத்தால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இணையும் கோட்டில் மட்டும் மெல்லிய தூரிகையால் பொட்டுகளை வரைந்து தொடர்வது எங்கள் தொழிலின் சின்னத் திருட்டு.


உப்புத்தாள் (மதுரை)

மணல் பையை நான் கேள்விப்பட்டதில்லை. நன்றாக இருக்கிறது, திருடிக்கொள்கிறேன்.

பழைய லேக்கரை எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. அதை உப்புத்தாளால் எடுக்காதீர்கள். என் பெயரே அதுவாக இருந்தாலும். பழைய பனியன் துணியைத் தின்னரில் நனைத்துப் பலகையின் மேல் விரித்து, அதன்மேல் பாலித்தீன் போர்த்திப் பத்து நிமிடம் விட்டால் பூச்சு கூழாகிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியால் ரேகையின் போக்கில் வழித்தெடுங்கள். சுழிகளில் சிக்கியதை நைலான் நாரால் துடையுங்கள். இரும்பு நார் வேண்டவே வேண்டாம்: அதன் துகள் ஒன்று மரத்தில் தங்கி ஈரம் பட்டால், வால்நட்டில் உள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுத்துவிடும். உங்கள் திருகாணிக் கருவளையங்களும் அதே காரணத்தால் வந்தவைதான். ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் அந்த வளையத்தில் மட்டும் தடவினால் கறுப்பு பெரும்பாலும் விட்டுப்போகும். பிறகு நன்றாகத் துடைத்துக் கழுவி முழுவதும் காயவிட வேண்டும். அது விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் பூட்டி வையுங்கள். திரும்ப மாட்டும்போது இரும்புத் திருகாணி வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடினால் ஒற்றைக் கோடு வெட்டிய பழைய பித்தளைத் திருகாணிகள் கிடைக்கக்கூடும்.

பூச்சைப் பொறுத்தவரை என் விருப்பம் லேக்கரே. கெட்டியான மெலமைன் அந்தக் காலத்து மரத்துக்குப் பொருந்தாது, வெடித்தால் சீர்செய்வதும் கடினம். பாலியூரித்தேன் வெயிலை அதிகம் தாங்கும், உண்மைதான். ஆனால் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் வகையில் ஐசோசயனேட் இருக்கிறது, அதைச் சாதாரணத் துணி முகமூடியோடு அடிப்பவர்கள் தங்கள் நுரையீரலுக்கே மெருகு போடுகிறார்கள்.

லேக்கருக்கு நாள் பார்ப்பது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் காற்றில் உள்ள ஈரம் பூச்சில் படிந்து, கஞ்சி ஊற்றியது போல வெளுத்துவிடும். சித்திரை, வைகாசியில் தின்னர் வழியிலேயே காய்ந்து, பூச்சு கிச்சிலிப் பழத்தோல் போலச் சொரசொரக்கும். ஆடியில் தூசி. தை, மாசியில், பனி விலகிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல் அடியுங்கள். மெல்லிய கோட்டுகளாகப் பல நாட்கள் அடித்து, கடைசியில் இரண்டு வாரமாவது ஆறவிட்டு, 1200 நம்பர் தண்ணீர்த் தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சமன் செய்து மெருகேற்றலாம். அவசரப்பட்டால் பூச்சு பின்னால் ரேகைக்குள் அமுங்கிவிடும்.

ஒரு சிறிய யோசனை. பூச்சை எடுத்ததும் மரம் சாம்பல் பூத்துப் பரிதாபமாக இருக்கும், பார்த்துப் பயந்து உடனே சாயம் அடித்துவிடாதீர்கள். தின்னரில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். லேக்கர் ஏறியபின் என்ன நிறம் வரும் என்பது அந்த ஈரம் இருக்கும் சில நொடிகளுக்குத் தெரியும். அதற்கும் உங்கள் வளையத்தடி நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு சாயம் மட்டும் போதும்.


தேவகோட்டை மெக்கானிக்

சரி, வாகையை விட்டுவிடுகிறேன். மரத்தைக் கழற்றும்போது எந்தத் துண்டு எந்தக் கதவு என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள் ஆச்சி. கைவேலையாகச் செய்தவை, ஒரே மாதிரி தெரிந்தாலும் இடம் மாறினால் திருகாணி ஓட்டை சேராது. இது எனக்கு அடிபட்டுத் தெரிந்தது.


கானாடுகாத்தான் பேத்தி (மாசி கடைசி வாரம்)

ஐந்து மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். மழைக்காலம் முழுவதும் பூச்சை எடுப்பதும் ஒட்டுவதுமாகப் போயிற்று. பெரியவர் சொன்னபடி தை பிறக்கும் வரை லேக்கர் டப்பாவைத் திறக்கவே இல்லை.

மெக்கானிக் அண்ணன் சொன்னபடி பின்பக்கம் எழுதப் போனபோது, இடது பின்கதவுப் பட்டையின் அடியில் ஏற்கெனவே பென்சிலால் ஒரு எண் இருந்தது. மற்ற பட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன், அவற்றிலும் அதே எண். தொழிற்சாலையில் அந்தச் செட்டைப் பிரியாமல் வைக்க எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதை அழிக்காமல் பக்கத்தில் என் குறியை எழுதினேன்.

தின்னர்த் துணியால் முதல் தடவை துடைத்தபோது வளவில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சாம்பல் பூத்துக் கிடந்த பலகையில் சுழிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து, அடுத்த நிமிடமே மறைந்துவிட்டன. வெயில் பட்ட பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் சாயம் தேவைப்பட்டது, மற்ற பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

கதவுப் பட்டையின் பொள்ளலில் கீறல் போட்ட இடத்தை இப்போது என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மணல் பைக்காகப் பள்ளத்தூர்க்காரருக்கு நன்றி. மூடியில் ஒட்டிய அக்ரூட் துண்டு அவ்வளவு சரியாக அமையவில்லை. நேரே பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது ஒரு கோடு நிழல் போலத் தெரிகிறது. நான் வரைந்த பொட்டுகளில் இரண்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டன. அடுத்த தையில் திரும்பவும் பிரித்துச் செய்யலாம் என்று எண்ணினேன். ஆனால் நேற்று அப்பத்தா முன்சீட்டில் உட்கார்ந்து, அந்த மூடியைத் திறந்து மூடி, மூன்று தடவை தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா வெத்திலைப் பெட்டிய இதுலதான் வப்பாக" என்றார். ஒட்டு அவர் கண்ணில் படவில்லை. இப்போதைக்கு அதை அப்படியே விட்டுவிட்டேன்.